முதல் கித்தா மரத்தைப் பார்க்கச் சைக்கிளில் போனோம்

சுங்கை சிப்புட்டில் கோலகங்சார் பஸ் ஏறினால், ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுவதற்குள் ஊர் வந்துவிடும். அந்தத் தூக்கத்தில் எத்தனை சங்கதிகள் நம் கண்ணில் படாமல் ஓடிப்போகின்றன என்பது சைக்கிளில் போனவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் வட்டாரச் சைக்கிள் மன்றத்தார் சென்ற பள்ளி விடுமுறையில் அந்த வழியைச் சைக்கிளிலேயே போய் வந்தோம். போக வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். புறப்பட்டவர்கள் இருபத்திரண்டு பேர். அவர்களில் மூத்தவருக்கு வயது எழுபத்து நான்கு, இளையவனுக்குப் பதின்மூன்று.

மன்றம் என்றதும் கட்டடம், கொடிக்கம்பம், தலைவர் நாற்காலி என்றெல்லாம் வாசகர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். கோயிலுக்குப் பின்னால் பாத்திரம் வைக்கும் கொட்டகையில் ஒரு மூலைதான் எங்களுக்கு. காற்றடிக்கும் பம்ப்பு ஒன்று, சாவிப் பெட்டி ஒன்று, ஒட்டுப் போடும் சாமான், வரவு செலவு நோட்டு, இவ்வளவுதான் சொத்து. மாதச் சந்தா இரண்டு வெள்ளி. அதையும் எல்லாரும் கொடுப்பதில்லை.

ஆனால் இதை ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஜொகூர் பாருவில் விடியும் முன் சாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த எட்டுப் பிள்ளைகள் கார் மோதி மாண்டு போனார்கள். ‘பாசிக்கால் லாஜாக்’ என்று சொல்வார்களே, பிரேக்கைக் கழற்றி, ஹாண்டிலைத் தாழ்த்தி, வயிற்றைச் சீட்டில் கிடத்திக்கொண்டு பறப்பது, அந்த வகைச் சைக்கிள்கள். செய்தியைப் படித்துவிட்டு, பாவம் யார் பெற்ற பிள்ளைகளோ என்று நாம் பெருமூச்சு விட்டோம். பிறகு பார்த்தால், நம் தோட்டத்துப் பையன்களும் ஸ்டோர் மேட்டிலிருந்து இறக்கத்தில் அதே வித்தையைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். கண்டித்தால் இருட்டியதும் போகிறார்கள். சைக்கிளைப் பிடுங்கி வைத்தால் இரவல் வாங்குகிறார்கள். ஓட்டாதே என்று சொல்வதைவிட, வா, நல்லபடி ஓட்டலாம் என்று கூப்பிடுவது மேல் என்று தோன்றியது. அப்படிச் சேர்ந்ததுதான் மன்றம்.

எங்களுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. பிரேக் இல்லாத சைக்கிள் வரிசையில் நிற்கக் கூடாது.

இந்தத் தடவை அந்தச் சட்டம் முதல் நாள் மாலையே தகராறில் வந்து நின்றது. இரண்டாம் படிவம் படிக்கும் பையன் ஒருவன், தாயார் மட்டும்தான், அவர் செம்பனைக் காட்டில் உரம் போடும் வேலை செய்கிறார், பிரேக் இல்லாத சைக்கிளோடு வந்து நின்றான். கடையில் புதிதாக வாங்கிப் போடக் காசு இல்லை. “கால வச்சு நிறுத்திக்குவேன் சார்” என்கிறான். முடியாது என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போனவனைக் கூப்பிட்டு நிறுத்தியவர், நான் சொன்னேனே, எழுபத்து நான்கு வயதுப் பெரியவர், அவர்தான். நாற்பது வருஷம் பால் வெட்டியவர். வீட்டில் பேரன் விட்டுப்போன ஒரு பழைய சைக்கிளிலிருந்து பிரேக்கைக் கழற்றி வந்து, ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தார். பையன் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. “கனமா இருக்கு தாத்தா” என்று மட்டும் சொன்னான்.

பெரியவருடைய சொந்தச் சைக்கிளைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், இரும்புக் கேரியர். நம் தாய்தகப்பன்மாருக்கு அதுதான் லோரி. காண்டா வாளியைத் தோளில் சுமந்த காலம் போய்ச் சைக்கிள் வந்தபோது, கேரியரின் இரண்டு பக்கமும் பால் டின்னைத் தொங்கவிட்டு, மண் சடக்கில் சேறு தெறிக்க ஸ்டோருக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் குறைந்திருந்தால் வண்டி சாய்ந்துவிடும். பால் கொட்டினால் அன்றைய கூலி மண்ணோடு போயிற்று. என் தகப்பனார் அப்படித் தள்ளியதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பந்தயம் ஓட்டுகிறவர்களை நாம் வீரர்கள் என்கிறோம். அஸிசுல்ஹஸ்னி அவாங் 2017ஆம் ஆண்டு உலக வெற்றியாளராகி, ஒலிம்பிக்கில் 2016இல் வெண்கலமும், ஓராண்டு தள்ளி 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வாங்கி வந்தபோது நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் நாற்பது கிலோ பாலைக் கட்டிக்கொண்டு மழைச் சேற்றில் மேடு ஏறுவதற்கு யாரும் பதக்கம் வைக்கவில்லை.

காலை ஏழு மணிக்குச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் கூடினோம். தேதண்ணியும் ரொட்டி சானாயும் சாப்பிட்டுப் பசியாறிவிட்டு, மகாத்மா காந்தி கலாசாலைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினோம். துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று எழுப்பி, 1954ஆம் ஆண்டு விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் திறந்துவைத்த பள்ளி அது. சம்பந்தன் பிறந்த ஊரே இதுதான். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, லயத்தை விட்டு எங்கே போவது என்று தெரியாமல் நம் சனங்கள் நின்றார்கள். அந்த நேரத்தில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொழிலாளியே தோட்டத்துக்குப் பங்காளி என்பது அன்றைக்குச் சின்னப் பேச்சில்லை. பையன்களுக்கு இதைச் சொன்னேன். கேட்டார்களா என்றால், பாதிப் பேர் ரொட்டிக் கடையைத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதே வட்டாரத்துக்கு இன்னொரு பெயரும் உண்டு. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி, இங்குள்ள எல்பில் தோட்டத்திலும் அடுத்த தோட்டம் ஒன்றிலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொட்டு வந்ததுதான் பன்னிரண்டு வருஷ அவசரகாலம். காட்டிலிருப்பவர்களுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்களாம். சைக்கிள் பம்ப்பைக்கூடப் பிரித்து உள்ளே அரிசி இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்று தன் தகப்பனார் சொன்னதைப் பெரியவர் போகிற வழியில் சொன்னார். உடனே பையன்கள் நான்கு பேர், பம்ப்புக்குள் எத்தனை அரிசி பிடிக்கும் என்று வாதம் பண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

சாலாக் வரை பெருஞ்சாலை. லோரிகள் காற்றை வாரி இறைத்துக்கொண்டு போகும். இரண்டு பேர் அடுத்தடுத்து ஓட்டக் கூடாது, பேச்சு வேண்டாம் என்று கட்டளை. இந்தப் பகுதியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பத்திரமாகக் கடந்தோம் என்பதைத் தவிர. பிறகு பெரிய சாலையை விட்டு விலகிக் காராய்ப் பக்கம் திரும்பினோம். அங்கேதான் மூச்சு வந்தது.

காராயில் பேராக் ஆற்றின் மேல் ஒரு பழைய ரயில் பாலம் இருக்கிறது. விக்டோரியா பாலம் என்று பெயர். ஈயம் ஏற்றிப் போகும் ரயிலுக்காக 1897ஆம் ஆண்டு தொடங்கி, 1900ஆம் ஆண்டு சுல்தான் இட்ரிஸ் திறந்துவைத்தது. செங்கல் தூண்கள், மேலே இரும்புச் சட்டம், ஒற்றைத் தண்டவாளம். 2002ஆம் ஆண்டு பக்கத்தில் புதிய பாலம் வந்து ரயில் அதற்கு மாறிவிட்டது. பழைய பாலத்தின் ஓரத்தில் ஒடுங்கிய நடைபாதை ஒன்று. அதில்தான் கம்பத்து மக்கள் நடந்தும், சைக்கிளிலும், மோட்டார் சைக்கிளிலும் ஆற்றைக் கடக்கிறார்கள். நாங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டே போனோம். எதிரே மோட்டார் சைக்கிள் வந்தால் உடம்பைக் கம்பியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கீழே ஆறு, பால் கலந்த தேதண்ணி நிறத்தில் அகலமாகப் போகிறது. எங்களோடு வந்த பெண் பிள்ளைகள் ஐவரில் ஒருத்தி நடுப்பாலத்தில் நின்றுவிட்டாள். கால் நகரவில்லை. அவள் தாயார் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். அவரும் சைக்கிளில்தான் வந்திருந்தார். “கீழ பாக்காதடி, என் முதுகப் பாரு” என்று சொல்லி முன்னால் போய் நின்றார். அவ்வளவுதான், வந்துவிட்டாள்.

பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். அவர்கள் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு தாயார் கூட வருகிறார் என்றதும் ஐந்து வீடுகளில் சம்மதம் கிடைத்தது. இரண்டு தாய்மார் வந்தால் பத்தாகும் என்பது என் கணக்கு.

அக்கரையில் கம்பத்துச் சாலை. டுரியான், ரம்புத்தான், நடுவில் சின்னச் சின்னக் கித்தாத் தோப்பு. ஒரு தோப்பைப் பார்த்ததும் பெரியவர் யாரையும் கேட்காமல் இறங்கிவிட்டார். ஒரு மலாய்ப் பாக்சிக் மங்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரியவர் சலாம் சொல்லி, தானும் பழைய பால்வெட்டுக்காரன் என்றதும் இருவரும் அண்ணன் தம்பி போலப் பேசத் தொடங்கிவிட்டார்கள். இப்போது பலரும் பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோவதில்லை, மங்கிலேயே உறைய விட்டுக் கட்டியாக விற்றுவிடுகிறார்கள் என்று பாக்சிக் சொன்னார். பிள்ளைகளுக்கு வெட்டிக் காட்டட்டுமா என்று பெரியவர் கேட்க, அவர் கத்தியை நீட்டினார்.

வாசகர்களே, எங்களோடு வந்த பதினான்கு பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களில் கித்தாப் பால் வடிவதை முன்பு கண்ணால் கண்டவர்கள் மூன்றே பேர். எங்கள் தோட்டம் எப்போதோ செம்பனைக்கு மாறிவிட்டது. இயற்கை ரப்பரில் உலகத்துக்கே முதலாவதாக இருந்த நாடு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த இடத்தைத் தாய்லாந்துக்கு விட்டது. பால் வெட்டு என்பது இவர்களுக்குப் பாட்டி சொல்லும் கதை. பெரியவர் கத்தியைப் பிடித்த விதத்தைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது நடுங்குகிற கை, பட்டையில் வைத்ததும் நின்றுவிட்டது. சாய்வாக ஒரே இழுப்பு. சீவல் மெல்லிசாகச் சுருண்டு விழுந்தது. வெள்ளைக் கோடு ஒன்று எழும்பி, மெதுவாக இறங்கி, மங்கில் சொட்டத் தொடங்கியது. பட்டைக்குள் போகலாம், மரத்தைத் தொடக் கூடாது, தொட்டால் காயம், அந்த இடத்தில் பிறகு பட்டை சரியாக வளராது, கங்காணி திட்டுவார் என்று விளக்கினார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் இருட்டில் தலைவிளக்கோடு போனோம் என்றார். பிரேக் பையன் விரலில் பாலைத் தொட்டு உருட்டி உருட்டிப் பார்த்தான். அது இழுத்தால் நீள்வதைக் கண்டு சிரித்தான்.

கோலகங்சாருக்கு வந்து சேரும்போது மணி பத்தரை. நாங்கள் தேடி வந்தது அங்கே நில அலுவலகத்துக்குப் பக்கத்தில், சாலையோரமாக, வேலி போட்டு நிற்கிறது. பெரிய அடையாளம் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாந்து போவீர்கள். கார் நிறுத்துமிடத்துப் பக்கம் நிற்கிற ஒரு பருத்த கிழட்டு மரம், ஒரு பலகை. அவ்வளவுதான்.

அதன் கதை இது. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை கொஞ்சம்தான். 1877ஆம் ஆண்டு இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ தம் பங்களாத் தோட்டத்தில் நட்டார். அந்த ஒன்பதில் எஞ்சியது இந்த ஒன்று என்கிறார்கள். நட்டபோது யாரும் இதைச் சட்டை செய்யவில்லை. துரைமார் காப்பி, கரும்பு என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். 1888ஆம் ஆண்டு சிங்கப்பூர்ப் பூங்காவுக்குத் தலைவராக வந்த ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு சொன்னார். பார்க்கிற தோட்டக்காரர் எல்லாரிடமும் விதையை நீட்டி, நடுங்கள் நடுங்கள் என்று நச்சரித்ததால் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வாங்கினார். 1896ஆம் ஆண்டு மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர்தான் முதலில் துணிந்து தோட்டமாகப் போட்டார். அந்தப் பைத்தியக்காரர் நூறு வயது வாழ்ந்து 1956ஆம் ஆண்டு இறந்தார். தாம் சொன்னதைக் கேட்காதவர்கள் எல்லாரும் பின்னால் ஓடி வந்ததைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இதில் சைக்கிளுக்கு என்ன சம்பந்தம் என்று ஒரு பெண் பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. ரிட்லி சிங்கப்பூருக்கு வந்த அதே 1888ஆம் ஆண்டு, அயர்லாந்தில் பெல்பாஸ்டில் மாட்டு வைத்தியர் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று செய்த காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் கட்டை டயர்தான், எலும்பை ஆட்டிவிடும். காற்று டயர் வந்ததும் சைக்கிள் ஊரெல்லாம் பரவியது. பிறகு மோட்டார் கார் வந்தது. உலகம் ரப்பர் ரப்பர் என்று அலறியது. காட்டை அழித்துக் கித்தா நட்டார்கள். நட்டால் போதுமா, விடியற்காலையில் எழுந்து வெட்ட ஆள் வேண்டுமே. கரும்புக்கும் காப்பிக்கும் முன்பே நம்மவர் சிலர் வந்திருந்தார்கள். ரப்பர் வந்த பிறகு கங்காணிமார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் கப்பலாக ஏற்றிவிட்டார்கள். நாங்கள் ஓட்டிவந்த சைக்கிளின் டயரும், அந்த மரமும், நம் லயமும் ஒரே கயிற்றில் கட்டியவை.

பெரியவர் வேலிக்கு வெளியே நின்று வெகுநேரம் மரத்தைப் பார்த்தார். இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் நாற்பது வருஷம் வேலை செய்தவர், இதை இப்போதுதான் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்க, சாமான் வாங்க, எங்கே நேரம்? ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரம் வெட்டியிருப்பேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தவர் பாதியில் விட்டுவிட்டு, “இந்த ஒம்பதும் அப்பவே பட்டுப்போயிருந்தா நான் எங்க பொறந்திருப்பேன் வாத்தியாரே?” என்றார்.

“நாமக்கல்லதான் தாத்தா” என்றான் பிரேக் பையன். பெரியவரின் அப்பா ஊர் அது. எல்லாரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்காமல், “இருக்கும்டா” என்றார்.

அப்புறம் லக்சா. கோலகங்சாருக்குப் போய் லக்சா சாப்பிடாமல் வருவது கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசாமல் வருவது போல. மீன் வேண்டாம் என்ற இரண்டு பேருக்கு மட்டும் ஒட்டுக்கடையில் வாழைப்பழப் பலகாரம் வாங்கிக் கொடுத்தோம். புக்கிட் சண்டானில் உபுதியா பள்ளிவாசலை வெளியே நின்று பார்த்தோம். ஹப்பாக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது, 1917ஆம் ஆண்டு முடிந்தது. கட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு யானைகள் சண்டை போட்டு, இத்தாலியிலிருந்து வந்த சலவைக்கல்லை மிதித்து நொறுக்கிவிட்டன என்று சொல்வார்கள். கோரிய சுல்தான் இட்ரிஸ், முடிவதைப் பார்க்காமலே 1916ஆம் ஆண்டு மறைந்தார். பொன் நிறக் கும்மட்டத்தின் அழகை எழுதி ஆகாது, போய்த்தான் பார்க்க வேண்டும். சாயோங் கறுப்புச் சுரைக்காய்க் கூஜா ஒன்றைப் பெரியவர் தம் மனைவிக்கு வாங்கிக் கேரியரில் துணி சுற்றிக் கட்டிக்கொண்டார். பால் டின் கட்டிய கேரியர் என்பதால் முடிச்சு அவிழவே இல்லை.

திரும்பும்போது 1932ஆம் ஆண்டு திறந்த இஸ்கந்தர் பாலத்தின் வழியாக ஆற்றைக் கடந்து பெருஞ்சாலையைப் பிடித்தோம். சாலாக் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பஞ்சர், ஒரு செயின் அறுந்தது, வேறு சேதமில்லை. மாலை நான்கரைக்கு எல்லாரும் வீடு சேர்ந்தார்கள் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எனக்குக் கோப்பி இறங்கியது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பையனுடைய சைக்கிளைக் கொட்டகையில் பார்த்தேன். பிரேக் இருக்கிறது. மணியைத்தான் காணோம். அடுத்த ஓட்டம் பத்து காஜா பக்கம், கெல்லி மாளிகைக்கு. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரைக்காக நம் மக்கள் கல் சுமந்து கட்டி, 1926ஆம் ஆண்டு அவர் இறந்ததும் பாதியில் நின்றுபோன மாளிகை. அருகில் அவர் தொழிலாளருக்காகக் கட்டிய மாரியம்மன் கோயிலும் உண்டு. தூரம் அதிகம் என்பதால் ஈப்போ வரை சைக்கிள்களை லோரியில் ஏற்றிப் போவதாக ஏற்பாடு. லோரி வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வருகிறவர்கள் தலைக்கவசம், தண்ணீர் போத்தல், ஒரு டியூப், பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் ஆகியவற்றோடு வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொட்டகைக்கு வரவும். தாய்மார் யாராவது கூட வர விரும்பினால், அவர்களுக்கான சைக்கிளை மன்றமே தேடித் தரும்.